இடைவெளி விடாமல் எழுதவும்

(ரொறன்ரோவில், கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2014 ஆம் ஆண்டு, ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் குசினி மேசையில் இருந்து, எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மாவுக்கு நிரந்தர வதிவிட விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த திகதி, பெற்றோர் எல்லாம் முடிந்து விலாசப் பகுதிக்கு வந்தோம். கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெங்கே வசித்தீர்கள், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை என்று படிவம் கேட்கிறது. இடைவெளி விடாமல் எழுதவும் என்று ஒரு குறிப்பும் அதில் இருக்கிறது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“தம்பி, மாத்தளன் கடற்கரையில தறப்பாளுக்குக் கீழ ரெண்டு மாசம் இருந்தனாங்கள். அதுக்கு என்ன விலாசம் எழுதிறது?”

மொழிபெயர்ப்பாளனாகவும் படிவம் நிரப்ப உதவுபவனாகவும் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. கிளிநொச்சியில் ஒரு வீடு, தருமபுரத்தில் ஒரு பாடசாலை, விசுவமடுவில் தெரிந்தவர்களின் வளவு, சுதந்திரபுரத்தில் ஒரு பதுங்குகுழி, இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் செட்டிகுளம் மனிக்பாம் முகாம். 2008 இன் பிற்பகுதிக்கும் 2009 இன் நடுப்பகுதிக்கும் இடையில் அவருக்கு ஏழு விலாசங்கள். படிவத்திலோ வீதி இலக்கத்துக்கு ஒரு பெட்டி, தபால் குறியீட்டுக்கு ஒரு பெட்டி.

ஏழையும் எழுதினோம். “தறப்பாள் கூடாரம், மாத்தளன் கடற்கரை, முல்லைத்தீவு மாவட்டம், இலங்கை.” வீதி இலக்கத்தின் பெட்டியில் “இல்லை” என்று போட்டோம். தனியாக ஒரு கடிதத்தில், போர் நடந்தது, மக்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள், திகதிகள் அவருடைய நினைவிலிருந்து சொல்லப்படுகின்றன, ஒரு மாதம் முன்பின்னாக இருக்கலாம் என்று எழுதி, அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்த நாட்டில் நீங்கள் முதலில் எழுதிக் கொடுக்கிற தாள் ஆயுள் முழுக்க உங்களோடு வரும். பிறகு தாயைக் கூப்பிடும்போதும், குடியுரிமைக்குப் போடும்போதும், பத்து வருடம் கழித்து ஏதாவது சிக்கல் வரும்போதும், அந்த முதல் தாளை எடுத்து வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். ஆகவே அது உங்கள் வாழ்க்கையாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருடைய வெற்றிபெற்ற கேஸாக இருக்கக் கூடாது.

அந்தப் படிவம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். ஒரு வீட்டில் பிறந்து, ஒரு பாடசாலையில் படித்து, ஒரு வேலையில் சேர்ந்து, வாடகை ஒப்பந்தத்தோடு வீடு மாறிய ஒருவரை நினைத்து எழுதியிருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. கொடிகாமத்தில் ஒரு மாட்டுக்கொட்டிலில் ஆறு மாதம் இருந்தவரும், கிளாலிக் கடலால் வள்ளம் ஏறி வன்னிக்குப் போனவரும் அதே பெட்டிகளுக்குள்தான் எழுத வேண்டும். எங்கள் சனம் மட்டும் இப்படி இல்லை. சோமாலியாவிலிருந்து வந்தவரும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவரும் இதே மேசையில் இதே பெட்டிகளைப் பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறார்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். கந்தையாவின் மகன் சிவகுமார் என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எங்கள் வழக்கத்தில் கந்தையா சிவகுமார். அவருடைய பெயர் சிவகுமார், தகப்பனின் பெயர் கந்தையா. குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்களிடம் இல்லை. படிவம் விடாது; குடும்பப் பெயர் வேண்டும் என்று நிற்கும். கந்தையா குடும்பப் பெயராகிறது. அவருடைய மனைவிக்கு மனைவியின் தகப்பனுடைய பெயர். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சிவகுமார் குடும்பப் பெயராகிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். பாடசாலையில், வைத்தியசாலையில், எல்லையில், இந்தப் பிள்ளை உங்களுடையதுதானா என்று கேட்கிறார்கள். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் எந்த எழுத்துக்கூட்டலை முதலில் எழுதுகிறீர்களோ அதையே கடைசிவரை எழுதுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி என்றால், இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள். அதிகாரி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்கள் உண்டு. தேடிப் பார்த்தும் பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் கடிதமும் ஓர் ஆவணம்தான். பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, விதானையாரின் உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இப்படி எழுதிக் கேட்கிற உரிமையே நீண்ட காலம் எல்லோருக்கும் இருக்கவில்லை என்பதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1885 இல் கனடா சீனர்கள் மேல் தலைவரி போட்டது. முதலில் 50 டொலர், 1903 ஆம் ஆண்டளவில் அது 500 டொலர். 1923 தொடக்கம் 1947 வரை அவர்களுக்குக் கதவு ஏறக்குறைய முழுவதுமாகவே மூடப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு 1908 இல் இன்னொரு விதமான பூட்டு: சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் வர வேண்டும் என்ற விதி. இந்தியாவிலிருந்து அப்படி வரும் கப்பல் கிடையாது. 1914 மே மாதம் கொமகட்டா மாரு கப்பல் 376 பேரோடு வன்கூவர் துறைமுகத்துக்கு வந்து, இரண்டு மாதம் அங்கேயே நின்று, மிகச் சிலரைத் தவிர எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. 2016 இல்தான் நாடாளுமன்றத்தில் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 1962 இல் இன அடிப்படையிலான தெரிவு பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1967 இல் புள்ளி முறை வந்தது. கல்வி, தொழில், மொழி, வயது இவற்றுக்குப் புள்ளி. தோலின் நிறத்துக்குப் பெட்டி இல்லை. இன்றைக்கு இந்த மண்டபத்தில் நாங்கள் இருப்பதற்கு அந்த மாற்றம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 1985 ஏப்ரல் 4. சிங் வழக்கு என்று சொல்வார்கள். அகதிக் கோரிக்கையாளர் ஒருவரை நேரில் கேட்காமல், எழுதிக் கொடுத்ததை வைத்து மட்டும் அவருடைய கோரிக்கையை நிராகரிக்க முடியாது என்று கனடாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்மானித்தது. கனடாவின் உரிமைகள் சாசனம், இந்த மண்ணில் கால் வைத்திருக்கும் எவரையும் காக்கும் என்று எழுதியவர் நீதியரசர் பேர்தா வில்சன். ஸ்கொட்லாந்திலிருந்து 1949 இல் குடிபெயர்ந்து வந்த பெண்மணி அவர். வழக்காடியவர்களில் பெரும்பாலானோர் சீக்கியர்கள். நீங்கள் அகதிகள் சபை முன்னால் இருந்து உங்கள் வாயால் உங்கள் கதையைச் சொன்னீர்களே, அந்த நாற்காலியை உங்களுக்கு வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான். அடுத்த ஆண்டு, 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அதற்குள் சட்டம் அவர்களுக்காகக் காத்திருந்தது.

நான் 1987 இல் மொன்றியலில் வந்து இறங்கினேன். அப்போது இதற்கு நிரந்தர வதிவிடம் என்று பெயர் சொல்ல மாட்டோம். “லாண்டட் கிடைச்சிட்டுதோ?” என்றுதான் கேட்போம். தேங்கிக் கிடந்த கோரிக்கைகளுக்குள் என்னுடையதும் கிடந்தது. 1992 இல்தான் கிடைத்தது.

என்னுடைய முதல் தாளை நான் எழுதவில்லை. ஒருவர் எழுதித் தந்தார். யார் என்பது இங்கே முக்கியம் இல்லை. 1985 இல் நான் எட்டு மாதம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். அதில் மூன்று வாரம் பொலிஸ் தடுப்பில் இருந்தேன். “அதை எழுதாதேயும், குழப்பமாகும். யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்று நேராகப் போடுவோம்” என்றார் அவர். நானும் தலையாட்டினேன். பயம். இருபத்து மூன்று வயது. அந்தத் தடுப்புக்காவல்தான் என் கோரிக்கைக்கு வலுவான சான்று என்பதுகூட எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவுக்கு ஸ்பொன்சர் போட்டேன். கொழும்பில் நேர்முகத்தில் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள், மகன் கனடா போகுமுன் எங்கே இருந்தவர் என்று. அம்மா உண்மையைச் சொன்னார்: வெள்ளவத்தையில் இருந்தவன், பொலிஸ் பிடித்தது, நான்தான் போய்ப் பார்த்தேன் என்று. என் தாளில் அது இல்லை. அம்மா சொன்னது பொய்யா, நான் எழுதியது பொய்யா என்ற கேள்வி வந்தது. சத்தியக் கடதாசி, சட்டத்தரணி, விளக்கக் கடிதம், மறுபடி ஒரு நேர்முகம். அம்மா வந்து சேர மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பியர்சன் விமான நிலையத்தில் என் முகத்தைக் கைகளால் தடவித்தான் பார்த்தார்.

படிவத்தில் நான் விட்ட எட்டு மாத இடைவெளிக்கு அம்மா கொடுத்த விலை அது. இதை இத்தனை காலம் மேடையில் சொன்னதில்லை. இங்கே இளம் முகங்கள் பலவற்றைப் பார்ப்பதால் சொல்கிறேன்.

இன்னும் கடுமையான ஒன்று இருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் குடும்ப உறுப்பினர் எல்லோரையும் எழுத வேண்டும். கூட வருகிறவர்கள், வராதவர்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், எல்லோரும்தான். உங்களோடு வராத மனைவியோ பிள்ளையோ ஆனாலும் அவர்களுடைய பெயர் அங்கே இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் அவர்களும் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எழுதாமல் விட்டால், அவரை நீங்கள் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117 ஆம் பிரிவில் அது கிடக்கிறது.

எங்கள் ஆட்கள் இதில் விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பதிவுத் திருமணம். ஊரில் பதிவு எழுதிவிடுவார்கள். தாலி கட்டுவது பிறகு, நல்ல நாள் பார்த்து. தாலி கட்டாத வரையில் கலியாணம் முடியவில்லை என்பது எங்கள் மனக்கணக்கு. ஆகவே படிவத்தில் “திருமணமாகாதவர்” என்று எழுதிவிடுகிறார்கள். கனடியச் சட்டத்துக்குப் பதிவு எழுதிய நாளே கலியாண நாள். விண்ணப்பம் போட்ட பிறகு, விசா கைக்கு வருமுன், இடையில் பதிவு எழுதினவர்களும் உண்டு. விமானம் ஏறுமுன் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வந்து இறங்கி, மனைவியைக் கூப்பிடப் போகும்போது, நீங்கள் திருமணமாகாதவர் என்றல்லவா எழுதினீர்கள் என்று திருப்பி விடுவார்கள். 2019 செப்டெம்பரிலிருந்து ஒரு தற்காலிகக் கொள்கை இப்படி மாட்டிக்கொண்ட சிலருக்கு வழி திறந்தது. எல்லோருக்கும் இல்லை. அதற்கு முன் இதனால் பத்து ஆண்டு பிரிந்து கிடந்த தம்பதிகளை நான் அறிவேன். யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர் அவர்கள்.

ஏமாற்றுவது என்று சட்டம் கருதினால் அதற்குத் தனித் தண்டனை இருக்கிறது. முக்கியமான உண்மையை மறைத்தால் அல்லது பொய் சொன்னால் 2014 நவம்பரிலிருந்து ஐந்து ஆண்டுத் தடை. ஏஜென்ற் எழுதினார், நான் வாசிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கையெழுத்து உங்களுடையது.

ஆயுதப் போராட்டம் பற்றிய கேள்வியையும் தொடாமல் போக முடியாது. எந்த அமைப்பில் இருந்தீர்கள், இராணுவ அல்லது துணை இராணுவ சேவை உண்டா, அரசியல் நோக்கத்துக்காக ஆயுதப் போராட்டத்தில் ஈடுபட்டீர்களா, ஆதரித்தீர்களா என்றெல்லாம் படிவம் கேட்கிறது. கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அமைப்பைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். கடையில் சாமான் விற்றதும், பதுங்குகுழி வெட்ட வரச் சொன்னபோது போனதும், கட்டாயத்தில் பிடித்துக்கொண்டு போனதும், விரும்பிச் சேர்ந்ததும் ஒன்றல்ல. அந்த வேறுபாடுகளைப் படிவத்தின் “ஆம், இல்லை” சொல்லாது. இந்த ஒரு பகுதியை மட்டும் நல்ல குடிவரவுச் சட்டத்தரணியிடம் போகாமல் நிரப்ப வேண்டாம். பணம் இல்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவித் திட்டத்திடம் கேளுங்கள். உங்கள் மைத்துனரிடமும் என்னிடமும் இதற்கு வர வேண்டாம்.

இனி, எல்லா வழியும் மூடின பிறகு மனிதாபிமான, கருணை அடிப்படையில் உள்ளே இருந்தபடியே நிரந்தர வதிவிடம் கேட்பவர்களைப் பற்றி. குடிவரவுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. இதிலே இரண்டு வழக்குகளை எங்கள் பிள்ளைகள் பாடம்போலத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலாவது மேவிஸ் பேக்கர். ஜமேக்காவிலிருந்து 1981 இல் வந்தவர். பதினொரு ஆண்டுகள் இங்கே வீடுகளில் தங்கியிருந்து வேலை செய்தார். கனடாவில் நான்கு பிள்ளைகள் பெற்றார். நிரந்தர வதிவிடம் மட்டும் இல்லை. மனநலம் பாதிக்கப்பட்டு, பிறகு தேறிக்கொண்டிருந்த காலத்தில் அவரை நாடு கடத்தச் சொன்னார்கள். மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பித்தார், மறுத்தார்கள். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டபோது அதிகாரியின் குறிப்புகள் வெளியே வந்தன. அவற்றில் அவருடைய பிள்ளைகளின் எண்ணிக்கையும் நோயும் ஒரு பாரமாகவே எழுதப்பட்டிருந்தன. 1999 ஜூலையில் அதியுயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. பிள்ளைகளின் நலனை அதிகாரி கருத்தோடு பார்க்க வேண்டும் என்றது. இப்படிப்பட்ட முக்கியமான முடிவுக்குக் காரணம் எழுத்தில் தர வேண்டும் என்றது. வீட்டு வேலை செய்த ஒரு தாயின் வழக்கு, கனடாவின் நிர்வாகச் சட்டம் முழுவதையும் மாற்றிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதலில் படிப்பிக்கிற வழக்குகளில் ஒன்று அது.

இரண்டாவது எங்கள் பிள்ளையின் வழக்கு. கந்தசாமி வழக்கு. வட இலங்கைத் தமிழ்ப் பையன். 2010 ஏப்ரலில், பதினாறு வயதில், உயிருக்குப் பயந்து இங்கே உறவினரிடம் அனுப்பப்பட்டவன். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் கேட்டான். உளவியல் மருத்துவ அறிக்கை கொடுத்தான். நோய் இருப்பதை அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆனால் இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டு மறுத்துவிட்டார். 2015 டிசம்பர் 10 ஆம் திகதி அதியுயர் நீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கியது. ஒரு துன்பத்தைத் தனியாக எடுத்து, இது போதாது, அடுத்ததை எடுத்து, இதுவும் போதாது என்று தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு மனிதனின் நிலைமை முழுவதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

எழுதியவர் நீதியரசர் ரோசலி அபெல்லா. அவர் 1946 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட்டில், இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவர். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதப் பெற்றோரின் பிள்ளை. 1950 இல் குடும்பம் கனடாவுக்கு வந்தது. தகப்பன் சட்டம் படித்தவர். குடிமகன் இல்லை என்பதால் இங்கே சட்டத்தரணியாக வேலை செய்ய விடவில்லை. முகாமில் பிறந்த பிள்ளை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் இருந்து, எங்கள் ஊர்ப் பையனுடைய கோப்பைத் திறந்து வாசித்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

புள்ளி முறையால் வருகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பி தங்கைகள் என்னைவிட நன்றாகவே அறிவார்கள். 2015 ஜனவரியிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி. மொத்தம் 1200 புள்ளி. அதில் மாகாண நியமனம் ஒன்றுக்கே 600. தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 இலிருந்து 29 வயது வரை வயதுக்கு 110 புள்ளி, 35 இல் 77, 40 இல் 50, 45 இல் ஒன்றும் இல்லை. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளி 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. அதற்கென்று கடிதம் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் பணம் கட்டி ஏமாந்த பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். வேலைக் கடிதத்தில் செய்யாத வேலையை எழுதாதீர்கள். நான் முதலில் சொன்னதுதான் உங்களுக்கும்.

சரி, நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அட்டை கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பலர் கண்ணை மூடிவிடுகிறார்கள். நிரந்தரம் என்ற சொல்லை நம்பிவிடுகிறோம். ஐந்து ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். அட்டை காலாவதியானால் உரிமை போய்விடாது. ஆனால் நாட்கள் குறைந்தால் உரிமையே கேள்விக்குள்ளாகும். வாக்குரிமை இல்லை. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதை 2018 டிசம்பரிலிருந்து பத்து ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமாக்கினார்கள். அதனால் அது குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் பாரதூரமான குற்றம். கலியாண வீட்டிலிருந்து திரும்பும் ஓர் இரவு, இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தவரை நாடு கடத்தும் விசாரணை வரை கொண்டுபோகலாம்.

இதைவிட எங்கள் ஆட்களுக்கு ஆபத்தான ஒன்று 2012 டிசம்பரில் வந்தது. நீங்கள் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர். பிறகு இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அதிலே ஊருக்குப் போய் வருகிறீர்கள். கோயில் திருவிழா, தாயின் நோய், காணி விஷயம், எதுவாகவும் இருக்கலாம். உங்கள் நாட்டின் பாதுகாப்பை நீங்களே மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று கருதி, அகதி நிலை முடிந்துவிட்டது என்று அகதிகள் சபை தீர்மானிக்க முடியும். அப்படித் தீர்மானித்தால் அதனோடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். 2012 க்கு முன் அப்படி இல்லை. பழைய ஆட்கள் போய் வந்தார்களே, ஒன்றும் நடக்கவில்லையே என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சாகக் கிடக்கிற தாயைப் பார்க்கப் போன மகனை இந்தச் சட்டம் தண்டிக்கலாம் என்பது அநீதி என்றே நான் நினைக்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அதைச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது மாறும்வரை, குடிமகன் ஆகாமல் ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். குடிமகனை இந்த விதி தொடாது.

குடியுரிமைக்கு ஐந்து ஆண்டுகளில் 1095 நாள் போதும். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் பாதுகாக்கப்பட்டவராக இங்கே இருந்த நாட்களும் பாதிப் பாதியாக, 365 வரை, கணக்கில் சேரும். நாட்கள் சேர்ந்த கிழமையே விண்ணப்பத்தைப் போடுங்கள். இருபத்தைந்து ஆண்டாக அட்டையோடு மட்டும் இருக்கிற ஆட்கள் எங்கள் சமூகத்தில் இருக்கிறார்கள். கட்டணம், ஆங்கிலப் பரீட்சைக்குப் பயம், நேரமில்லை என்ற சாட்டுகள். நேரமின்மையும் பணக் கஷ்டமும் எனக்கும் தெரியும். 1995 இல், நிரந்தர வதிவிடம் பெறும் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் 975 டொலர் இறங்கும் கட்டணம் போட்டார்கள். அகதிகளுக்கு அதை நீக்க 2000 ஆம் ஆண்டு வரை பிடித்தது. கணவனும் மனைவியும் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் செய்து அதைக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கஷ்டப்பட்டு ஏறின படியிலிருந்து கடைசிப் படிக்குக் காலைத் தூக்கி வைக்காமல் நிற்காதீர்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

நீங்கள் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதி வைத்திருங்கள். இல்லாதவர்கள் அரசாங்கத்திடமிருந்து உங்கள் கோப்பைக் கேட்டு எடுக்கலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர். அதிகாரி எழுதிய குறிப்பும் அதற்குள் வரும். அடுத்த விண்ணப்பத்தை எழுதுமுன் அதை வாசியுங்கள்.

மற்றது, ஏற்கெனவே குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு. உங்கள் கட்டடத்தில், உங்கள் வேலைத்தலத்தில், இந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு தனியே இருக்கிற ஒருவர் இருக்கிறார். தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு நீங்கள் சட்டம் சொல்ல வேண்டாம்; அதற்குச் சட்டத்தரணி இருக்கிறார். ஒரு மாலை பக்கத்தில் இருந்து, எந்த மாதம் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டுக்கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். மறந்துபோன மாதங்கள் அப்படித்தான் திரும்ப நினைவுக்கு வரும். இன்றைக்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உதவி வேண்டுபவர்கள் ஒரு பக்கத்திலும், ஒரு மாலையைத் தரக்கூடியவர்கள் மறுபக்கத்திலும், போகுமுன் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.